இந்தித் தாலி

அத்தியாயம் 11

போன வாரம் நம்ம ஹவில்தார் பிலோமின்ராஜை மகளோட லேப்டாப்புக்கு முன்னாடி உட்கார வெச்சுட்டு நான் பாட்டுக்குக் கெளம்பிட்டேன். பாவம், மனுஷன் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கார். பக்கத்துல வெச்ச டீ ஆறி, ஆடை கட்டிக் கெடக்குது.

நடுவுல வந்து சேர்ந்தவங்களுக்காக நாலு வரி சொல்லிடறேன். பிலோமின்ராஜ் பட்டாளத்துல சமையல்காரர். வடக்கே ஒரு முகாம்ல நானூறு பேருக்கு மூணு வேளையும் ஆக்கிப் போடற லங்கர் அவர் பொறுப்பு. லங்கர்னா பட்டாளத்து சாப்பாட்டுக்கூடம். அந்த லங்கரை இனிமே கான்ட்ராக்டுக்கு விடறதுன்னு மேலேருந்து முடிவாச்சு. வேலை செய்யறவங்க வயித்துல புளியைக் கரைச்சுட்டு, கூடவே ஒரு சலுகையும் கொடுத்தாங்க. இப்ப அந்த வேலையில இருக்கற சிப்பாய்ங்களே சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, தங்களோட வேலைக்குத் தாங்களே டெண்டர் போட்டுக்கலாம். ஒரே நிபந்தனை, போடறவங்க பட்டாளத்தை விட்டு வர்றேன்னு முதல்ல எழுதிக் கொடுத்துடணும்.

ஆறு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. இந்த மாசத்தோட ஆறு பேரும் யூனிஃபார்மைக் கழட்டணும். டெண்டர் கெடைச்சா அதே லங்கருக்கு முதலாளியாப் போகலாம். கெடைக்கலேன்னா ஏதாவது ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான். திரும்பிப் போய் "ஐயா, என்னை மறுபடி சேத்துக்குங்க"ன்னு கேட்க முடியாது.

கம்பெனிக்கு விருத்தாசலத்து ஆத்தோட பேரை எடுத்து மணிமுத்தாறு கேட்டரிங்னு வெச்சது பிலோமின்ராஜோட மனைவி கிரேசி. கம்பெனி இருக்கறதும் அவள் பேர்லதான். ஆறு பேர்ல ரெண்டு பேர்தான் நம்ம விருத்தாசலத்துப் பக்கம். மத்த நாலு பேரும் வடக்கத்திக்காரங்க. மணிமுத்தாறுங்கற பேர் அவங்க வாயில நுழையறதுக்குள்ள பிலோமின்ராஜுக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

இன்னிக்கு மூணு மணிக்கு டெண்டர் மூடுது. ரேட்டு போட்டாச்சு. மூணு மணி வரைக்கும் மாத்திக்கலாம். அதுக்கப்பறம் யார் வந்து அழுதாலும் முடியாது.

வாசல்ல பைக் வந்து நின்ன வேகத்துலயே ஏதோ சரியில்லைன்னு கிரேசிக்குத் தெரிஞ்சுபோச்சு. வந்தது கம்மாபுரத்துலேருந்து பழமலைநாதன். ஆறு பேர்ல ஒருத்தன், லங்கர்ல பிலோமின்ராஜுக்கு வலது கை மாதிரி. இவனும் லீவுல வந்திருக்கான். ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம உள்ள வந்தான்.

"அண்ணே, நம்ம ரேட்டு வெளிய போயிடுச்சி."

"என்னாடா சொல்ற?"

"ஒங்க மச்சான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒக்காந்து சொல்லிக்கினு இருந்தாராம். இந்த டெண்டருக்கு சென்னை கம்பெனி ஒன்னு வருதாம். அதுக்கு ஆளு சப்ளை இவருதானாம். மாமா அறுபத்தி ரெண்டு ரூபா போட்டிருக்காரு, எனக்குத் தெரியாதான்னு கேட்டிருக்காரு. அறுபத்தி ரெண்டுன்னு சுத்தமா சொல்லியிருக்காருண்ணே!"

ஒரு சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு அறுபத்தி ரெண்டு ரூபாய். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் பட்டாளமே கொடுத்துடும். ஆக்கி, பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவுக்கற கூலிதான் இந்த ரேட்டு. ஆறு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டு வந்து நின்ன எண் இது.

சமையல்கட்டுல இருந்த கிரேசி கரண்டியோட வெளியே வந்தாள்.

"யாரு, எந்தம்பியா?"

"ஆமாங்க அண்ணி. சாவியோதான்."

சாவியோ கிரேசிக்கு ஒரே தம்பி. செராமிக் தொழிற்பேட்டையில இருக்கற சின்னச் சின்னக் கம்பெனிங்களுக்கு பீகார்லேருந்து ஆள் கூட்டிட்டு வந்து விடறது அவன் தொழில். அவனுக்கும் பட்டாளத்து லங்கருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஈஸ்டர் வரைக்கும் ஒன்னுமில்லை. அதுக்கப்பறம்தான் எல்லாம்.

பிலோமின்ராஜ் எழுந்து நின்னார். அவர் கோபம் வந்தா கத்த மாட்டார். குரல் கீழே போயிடும். அதுதான் பயமா இருக்கும்.

"ரேட்டு நம்ம ஆறு பேருக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும், டைப் அடிச்ச பாப்பாவுக்குத் தெரியும். நாலு பேரு வடக்க இருக்கானுங்க. விருத்தாசலத்துல இருக்கறது நீயும் நானும்தான் பழமலை."

பழமலைநாதனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் ஹெல்மெட்டைக் கழட்டித் தரையில வெச்சான்.

"அண்ணே, ஒங்ககூட ஒரே அடுப்புல நின்னவன் நானு. கொழம்புல உப்பு கூடிப்போனா ஒங்களுக்குப் பதிலா போயி திட்டு வாங்கினவன். என்னையா கேக்கறீங்க?"

"கேக்கத்தான் செய்வேன்."

"கேளுங்க. நல்லா கேளுங்க. எனக்கும் ரெண்டு புள்ள இருக்குதுண்ணே. எம்பொழப்ப நானே போயி விப்பனா?"

அவன் கண்ணு கலங்கிடுச்சு. கிரேசிக்குத் தாங்கலை.

"அவர வுடுங்க. ரேட்டப் பத்தி நீங்க எப்ப, எங்க வெச்சிப் பேசினீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"நேகிகிட்ட, வடக்க இருக்கற நம்ம நாலு பேர்ல ஒருத்தன். ஞாயித்துக்கெழம, பூச முடிஞ்சி வந்து. போன்ல."

"எங்க நின்னு?"

"இங்கதான். இதே ஹால்ல."

"அப்ப யாரு இருந்தா?"

பிலோமின்ராஜ் யோசிச்சார். "சாவியோதான் வந்திருந்தான். ஏதோ பொட்டி கொண்டாந்தான்ல, அன்னைக்கு." உடனே கையை வீசினார். "அதனால என்னா? நான் இந்தியிலதானே பேசினேன்!"

இந்த இடத்துல அந்த வீட்டு இந்தியைப் பத்தி நான் சொல்லியே ஆகணும்.

கிரேசி ஜபல்பூர், மீரட்னு பல வருஷம் பட்டாளத்து குவார்ட்டர்ஸ்ல இருந்தவள். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்ககிட்ட சண்டை போட்டே இந்தி கத்துக்கிட்டாள். ஊருக்குத் திரும்பின பிறகும் புருஷன் பொண்டாட்டி அந்த இந்தியை விடலை. விடுவாங்களா? எவ்ளோ வசதி! வந்த விருந்தாளி எப்பதான் கெளம்புவாங்கன்னு அவங்க முகத்தைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே கேட்கலாம். நாத்தனார் பொடவை நல்லாவே இல்லைன்னு நாத்தனார் காபி குடிக்கும்போதே சொல்லலாம். சொந்த மக ஆன் மேரிக்கே அந்த பாஷை தெரியாது. சின்ன வயசுலயே ஊர்ல ஹாஸ்டல்ல விட்டுட்டாங்க. வீட்டுக்குள்ள கதவு இல்லாமலே ஒரு தனி அறை இருந்த மாதிரி ரெண்டு பேரும் அந்த இந்திக்குள்ள போய் உட்கார்ந்துக்குவாங்க. எதிர்ல இருக்கறவங்க பேந்தப் பேந்த முழிப்பாங்க.

"பாசட் ரூபயான்னுதான் சொன்னேன்"னார் பிலோமின்ராஜ். "பாசட்டுன்னா அறுபத்தி ரெண்டுன்னு இந்த ஊர்ல எவனுக்குத் தெரியும்? ஒன்னுலேருந்து பத்து வரைக்கும் எவன் வேணா சொல்லிடுவான். பாசட்டெல்லாம் அவனுங்களோட கெடந்து பழகினாதான் காதுல ஏறும்."

கிரேசி கரண்டியைக் கீழே வெச்சாள்.

"அந்தப் பொட்டிய தூக்கிக்கினு வந்தது யாரு?"

பிலோமின்ராஜ் தலையில கையை வெச்சுக்கிட்டார்.

"மிதிலேஷு. பீகார்க்காரன்"னாள் கிரேசி. "சேசுமரி சூசையே! அவனை வெச்சிக்கினா பாசட்டு பாசட்டுன்னு கத்தினீங்க?"

பழமலைநாதன் ஹெல்மெட்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை பிலோமின்ராஜ் வாயிலேருந்து வரலை. அவனும் எதிர்பார்க்கலை. பட்டாளத்துல அதெல்லாம் பழக்கமில்லை போல.

"சரி, போனது போச்சி. அம்பத்தெட்டு போட்டுடலாம். பாப்பா, மாத்து"ன்னார் பிலோமின்ராஜ்.

"அம்பத்தெட்டுக்கு யாருண்ணே பாத்திரம் கழுவறது?"ன்னான் பழமலை. "கழுவற ஆளுங்க கூலியத் தூக்கினாதான் அம்பத்தெட்டு வரும்."

"நாமளே கழுவுவோம்."

"நானூறு பேரு பாத்திரத்தையா? சமைச்சி எறக்கிட்டா? அதுக்குப் பட்டாளத்துலயே இருந்திருக்கலாமே. அங்க முதுகு வலின்னா ஆஸ்பத்திரியாச்சும் உண்டு."

"தோத்துட்டு நிக்கறதுக்கு முதுகு வலி தேவலாம்டா!"

ஆன் மேரி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டாள். காலேஜ் ரெண்டாவது வருஷம். இந்த வீட்டுல பதறாத ஒரே ஆள். "அப்பா, ரேட்டை மாத்தினா ஓடிபி அம்மா போனுக்குதான் வரும். அம்மா சொல்லாம ஒன்னும் நடக்காது. அதனால ரெண்டு பேரும் அம்மாகிட்ட கேளுங்க."

எல்லாரும் கிரேசியைப் பார்த்தாங்க.

"நான் போயி அந்த மிதிலேஷக் கேட்டுட்டு வரேன்"னாள் அவள். "சாவியோ எவ்ளோ போடச் சொல்லியிருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிருக்கும். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது."

தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பிடிச்சுப் போனாள். வெயில்னா அப்படி ஒரு வெயில். உள்ள நுழைஞ்சா சூளைச் சூடு வேற. பலகை பலகையா காயப்போட்ட கப்புங்களுக்கு நடுவுல மிதிலேஷ் உட்கார்ந்து அடுக்கிட்டு இருந்தான். முப்பது வயசு இருக்கும். அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தீதி"ன்னு கையைத் துடைச்சான்.

தீதின்னா அக்கா. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்துச்சு. இந்தியிலயே பிடிச்சுக்கிட்டாள். நமக்கு வேண்டியது விஷயம்தானே, தமிழ்லயே சொல்றேன்.

"ஞாயித்துக்கெழம எங்க வூட்டுல கேட்டதை ஒங்க முதலாளிகிட்ட சொன்னியா இல்லியா?"

"என்னா கேட்டேன் தீதி?"

"ரேட்டு. எங்க வூட்டுக்காரரு போன்ல சொன்னாருல்ல."

மிதிலேஷ் முழிச்சான். "நான் பொட்டிய வெச்சிட்டு ஆட்டோகிட்ட போயிட்டேனே. ஆட்டோக்காரன் கத்திக்கினு இருந்தான். உள்ள இருந்தது முதலாளி மட்டும்தான்."

"பொய் சொல்லாத. எந்தம்பிக்கு இந்தி தெரியாது."

அவன் சிரிச்சான். அவளைக் கேலி பண்ற சிரிப்பு இல்லை. நல்ல விஷயம் ஒன்னைச் சொல்லப் போற சிரிப்பு.

"முதலாளிக்கா? எங்க அம்மாகிட்ட மாசா மாசம் போன்ல பேசறதே அவருதான். ஒங்க புள்ள நல்லா சாப்புடறான், கவலப்படாதீங்கன்னு சொல்லுவாரு. எங்க ஊரு கெட்ட வார்த்தைகூட அத்துப்படி. கோவிச்சிக்காதீங்க தீதி, ஒங்க இந்தியவிட அவரு இந்தி சுத்தமா இருக்கும்."

கிரேசி பக்கத்துல இருந்த காலிப் பெட்டி மேல உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷம். அவனை எதிர்ல வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம். அவனுக்குப் பார்த்த பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாங்களே, அப்ப. அவன் ஒரு ஓட்டல் ஆரம்பிச்சு, சிநேகிதனுங்களுக்குச் சும்மா சும்மா பிரியாணி போட்டே அதை மூடினானே, அப்ப. ஒவ்வொரு தடவையும் அவன் முன்னாடியே, அவனுக்கு சோறு போட்டுக்கிட்டே, அவனைப் பத்தி. எல்லாத்தையும் விட அந்த ஈஸ்டர்.

ஈஸ்டர் அன்னைக்கு மட்டன் குழம்பு. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது சாவியோதான் பேச்சை எடுத்தான். "மாமா, என்னையும் ஏழாவது ஆளா சேத்துக்குங்க. பாத்திரம் கழுவ, காய் நறுக்க எல்லாத்துக்கும் நான் ஆளு கொண்டாறேன். ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது"ன்னான். கெஞ்சலாத்தான் கேட்டான். கிரேசி அவன் தட்டுல இன்னொரு கரண்டி குழம்பை ஊத்திக்கிட்டே, புருஷனைப் பார்த்து சிரிச்ச முகமா சொன்னாள்: "இஸ்கோ மத் லேனா. தாலி தக் கா ஜாயேகா."

இவனைச் சேக்காதீங்க, தட்டையும் சேத்துத் தின்னுடுவான்னு அர்த்தம். இந்தியில தாலின்னா சாப்பாட்டுத் தட்டு.

பிலோமின்ராஜ் புரையேற சிரிச்சார். ஆன் மேரி மட்டும், "என்னம்மா, தாலி அது இதுன்ற?"ன்னு கேட்டாள். "தாலிச் செயின மெருகு போடக் குடுக்கணும்னு சொன்னேன்டி"ன்னு கிரேசி சமாளிச்சாள். சாவியோவும் சிரிச்சான். "போடு அக்கா, மெருகு போட்டா நல்லாதான் இருக்கும்"னான். பாதி சோறு தட்டுல அப்படியே இருக்கும்போது எழுந்து கை கழுவினான். கேட்டதுக்கு வயிறு சரியில்லைன்னு சொன்னான்.

அவனுக்கு வயித்துல ஒன்னும் இல்லை. இப்ப, அந்தக் காலிப் பெட்டி மேல உட்கார்ந்துதான் கிரேசிக்கு அது புரிஞ்சுச்சு.

"முதலாளி எங்க?"ன்னு கேட்டாள்.

"காலையில போனவரு. போன் எடுக்கல." மிதிலேஷ் தயங்கினான். "தீதி, அந்தப் பொட்டியப் பிரிச்சிப் பாத்தீங்களா? அது அவரே கையால செஞ்சது. யாரையும் தொட வுடல."

வீட்டுக்கு வந்தப்ப மணி ரெண்டே முக்காலைத் தொட்டுடுச்சு. "என்னா சொன்னான்?"னு ரெண்டு ஆம்பளைங்களும் ஒரே குரல்ல கேட்டாங்க. அவள் பதில் சொல்லாம கட்டிலுக்கு அடியில குனிஞ்சாள். கம்பெனியில கழிச்சுப் போட்ட கப்பு, சாசரை சாவியோ அப்பப்ப கொண்டாந்து போடுவான். அந்தப் பெட்டியும் அப்படித்தான்னு நினைச்சு தள்ளி விட்டிருந்தாங்க.

உள்ள பேப்பர். பேப்பருக்குள்ள பேப்பர். கடைசியில ஒரே ஒரு தட்டு.

வெள்ளைத் தட்டு, நல்ல பளபளப்பு. ஓரத்துல மட்டும் ஒரு வாய் அளவுக்கு இல்லை. பல்லு பதிஞ்ச மாதிரி வளைவு வளைவா இருந்துச்சு.

"ஒடஞ்சதக் கொண்டாந்து குடுத்திருக்கான்"னார் பிலோமின்ராஜ்.

ஆன் மேரி வாங்கி விரலால தடவினாள். "ஒடையலப்பா. ஒடஞ்சிருந்தா கையக் கிழிக்கும். இது வழவழன்னு இருக்குது. பச்ச மண்ணா இருக்கும்போதே கடிச்ச மாதிரி வெட்டி, அதுக்கப்பறம்தான் பாலிஷ் குடுத்து சூளையில வெச்சிருக்காங்க. யாரோ வேணும்னே செஞ்சது."

"தாலி தக் கா ஜாயேகா"ன்னாள் கிரேசி.

பிலோமின்ராஜ் முகம் செத்துப்போச்சு. நானூறு பேரை அதட்டி உட்கார வைக்கற மனுஷன், நாற்காலியைத் தேடிப் பிடிச்சு உட்கார்ந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். மொதல்லேருந்து எல்லாம் தெரியும்."

பழமலைநாதனுக்கு முழுசா விளங்கலை. ஆனா இது குடும்ப விவகாரம்னு மட்டும் புரிஞ்சு, சுவத்துல இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கிட்டு நின்னான். அப்பறம் கிரேசி பக்கம் திரும்பினான்.

"அண்ணி, கோவமா இருக்கறவரு நமக்குக் கீழதான் போட்டிருப்பாரு. இப்ப நானே சொல்றேன். அம்பத்தெட்டு போட்டுடலாம். முதுகு போனாப் போவுது."

கிரேசி தம்பிக்கு போன் போட்டாள். எடுக்கலை. மறுபடி போட்டாள். மூணாவது தடவை எடுத்தான்.

"போலோ தீதி."

சொல்லு அக்கான்னு அர்த்தம். அந்த ரெண்டு வார்த்தையைத் தம்பி வாயால இந்தியில கேட்டதும் அவளுக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு.

"தமிழ்ல பேசுடா."

"ஏன் அக்கா? முக்கியமானதெல்லாம் நீ இந்தியிலதான பேசுவ."

"தப்புதான்டா. நான் சொன்னது தப்பு. ஒன்னை ஒக்கார வெச்சி சோத்தப் போட்டுட்டு அப்படி சொல்லியிருக்கக்கூடாது. எனக்கு நாக்குல சனி."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டுச்சு. அழறானா, சிரிக்கறானான்னு தெரியலை. அப்பறம் வேற குரல்ல கேட்டான்.

"ரேட்டக் கொறைக்கப் போறீங்களா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சொல்லாதேன்னு கையை ஆட்டினார்.

"கொறைக்காத அக்கா. அறுபத்தி ரெண்டுலயே இரு."

"ஏன்டா? நீ எவ்ளோ போட்டிருக்க?"

"கொறைக்காதன்னு சொல்றேன்ல. நம்பினா நம்பு, இல்லன்னா போ."

வெச்சுட்டான்.

"சூழ்ச்சி"ன்னார் பிலோமின்ராஜ். "அவன் அறுபது, அறுபத்தி ஒன்னுன்னு போட்டிருப்பான். நாம கொறைச்சா அவனுக்குப் போச்சு. அதான் அப்படியே இருன்றான். பாப்பா, அம்பத்தெட்டு அடி!"

ஆன் மேரி அடிச்சாள். கிரேசி கையில இருந்த போன் அதிர்ந்துச்சு. ஓடிபி வந்துடுச்சு.

"படிம்மா"ன்னாள் ஆன் மேரி.

கிரேசி படிக்கலை.

"என்னா பாக்கற? டைம் ஆவுது!" பிலோமின்ராஜ் கிட்டக்க வந்தார். பழமலை முன்னாடி கேட்கக் கூச்சப்பட்டாரோ என்னவோ, பழக்க தோஷத்துல குரலைத் தணிச்சு இந்தியில கேட்டார்: "உஸ் பர் பரோசா ஹை?"

"தமிழ்ல கேளுங்க!" கிரேசி போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூட சட்டுனு குறைஞ்சுது. "இனிமே இந்த வூட்டுல எதுன்னாலும் தமிழ்ல கேளுங்க. எல்லாரு காதுலயும் வுழட்டும்."

பிலோமின்ராஜ் தமிழ்லயே கேட்டார். "அவன நம்பறியான்னு கேட்டேன்."

"அண்ணி"ன்னான் பழமலைநாதன். கும்பிடற மாதிரி கையை வெச்சிருந்தான். "இது அக்கா தம்பி விசயம் மட்டும் இல்ல. ஆறு குடும்பம். பாத்து செய்ங்க."

அது அவளுக்குத் தெரியாதா? ஈஸ்டர் அன்னைக்குக்கூட அவள் நினைச்சது அந்த ஆறு குடும்பத்தைத்தான். ஓட்டலைத் தின்னே தீர்த்தவனைக் கொண்டாந்து நடுவுல உட்கார வைக்கக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னாள். சொன்ன விஷயம் நியாயமாவே இருக்கலாம். சொன்ன விதம்தான் அவனைக் கடிச்சுடுச்சு. இப்ப மறுபடியும் அவனை நம்பாம இருந்துட்டா, அவனோட அக்காங்கற ஒறவு இன்னியோட முடிஞ்சுது. நம்பி ஏமாந்துட்டா, நாளைக்குப் பழமலையோட பொண்டாட்டி வாசல்ல வந்து நின்னு கேட்கறதுக்கு அவள்கிட்ட பதில் இல்லை.

"அம்மா, மூணு மணிக்கு இன்னும் ரெண்டு நிமிசம்தான்"னாள் ஆன் மேரி.

கிரேசி போனை மேசை மேல கவுத்து வெச்சாள். அதுமேல கையையும் வெச்சுக்கிட்டாள்.

பிலோமின்ராஜ் நினைச்சிருந்தா பிடுங்கியிருக்கலாம். பிடுங்கலை. சன்னல்கிட்ட போய்த் திரும்பி நின்னுக்கிட்டார். பழமலைநாதன் தரையிலயே உட்கார்ந்துட்டான். லேப்டாப் திரை ஒரு தடவை சுத்திச்சு, நேரம் முடிஞ்சதுன்னு காட்டுச்சு. அறுபத்தி ரெண்டு அறுபத்தி ரெண்டாவே நின்னுடுச்சு.

யாரும் யாரையும் பார்க்கலை. வெச்ச சோறு வெச்சபடி இருந்துச்சு.

அரை மணி நேரம் போயிருக்கும். செருப்பு கழட்டற சத்தம் கேட்டுச்சு. சாவியோ உள்ள வந்தான். வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் நனைஞ்சு. மேசையில இருந்த தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"மாத்தினீங்களா?"

"இல்ல"ன்னாள் கிரேசி.

அவன் முகத்துல என்ன ஓடிச்சுன்னு சொல்லத் தெரியலை எனக்கு. சந்தோஷம்னும் சொல்லலாம், பரிதாபம்னும் சொல்லலாம். கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"பசிக்குது. சோறு போடு."

கிரேசி எவர்சில்வர் தட்டை எடுத்தாள்.

"அதுல வேணாம். இதுலயே போடு."

கடிச்ச தட்டுலயே போட்டாள். ரெண்டு பருக்கை அந்த வளைவு வழியா மேசையில விழுந்துச்சு. அதையும் எடுத்து வாயில போட்டுக்கிட்டான். நெதானமா சாப்பிட்டான். சாம்பார் கேட்டான், ரசம் கேட்டான், மறுபடி சோறு கேட்டான். ஈஸ்டர் அன்னைக்குப் பாதியில எழுந்தவன் இன்னிக்குத்தான் அந்தச் சாப்பாட்டை முடிக்கறான்னு கிரேசிக்குத் தோணிச்சு. தம்பிக்குப் பரிமாறறோமா, தங்களோட பொழப்பைப் பறிச்சுக்கிட்டு வந்தவனுக்குப் பரிமாறறோமான்னே தெரியாம ஊத்திக்கிட்டு இருந்தாள்.

பிலோமின்ராஜுக்குப் பொறுக்கலை.

"மச்சான், சொல்லிடு. எவ்ளோ போட்ட?"

"நாளைக்குக் காலையில தொறப்பாங்கல்ல மாமா. ஒங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்."

எழுந்து போய்க் குழாயடியில தட்டைத் தானே கழுவினான். சட்டை ஓரத்தால ஈரம் போகத் துடைச்சான். திரும்பி வந்து அக்கா கையில கொடுத்தான்.

"தட்டத் திங்கல அக்கா"ன்னான். "பாத்து எடுத்து வெச்சிக்க."